நௌஷேரா சிங்கம்: பிரிகேடியர் முகமது உஸ்மான்



1948-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி மாலை. ஜம்மு காஷ்மீரின் மலைப்பகுதியில் ஜங்கர் என்றொரு சிற்றூர். அங்கே எதிரியின் பீரங்கிக் குண்டு ஒன்று பாறையில் விழுந்து வெடித்தது. அதன் சிதறல்கள் பாய்ந்து உயிர் விட்டவர் பிரிகேடியர் முகமது உஸ்மான், 50-ஆவது பாராசூட் பிரிகேடின் தளபதி. இன்னும் 12 நாள் கழிந்திருந்தால் அவருக்கு 36 வயது நிறைந்திருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் போரில் களத்தில் வீழ்ந்த இந்திய அதிகாரிகளில் பதவியில் மிக உயர்ந்தவர் அவர்தான். அவருடைய வாழ்வும், அந்த வாழ்வு விட்டுச்சென்றதுமே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

உஸ்மானைப் பற்றிப் பேசும்போது பொதுவாக மூன்று செய்திகள் சொல்லப்படுகின்றன. பாகிஸ்தான் அழைத்தும் அவர் போகவில்லை என்பது ஒன்று. ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுக்கமாட்டேன் என்று சபதம் செய்தார் என்பது இன்னொன்று. அவர் தலைக்கு எதிரிகள் 50,000 ரூபாய் விலை வைத்தார்கள் என்பது மற்றொன்று. மூன்றுமே கேட்கச் சிலிர்ப்பூட்டும் செய்திகள். ஆனால் இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால் ஒரு படைத்தலைவரின் வேலை என்ன என்பது தெரியாமலே போய்விடும். சபதம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதை நிறைவேற்றிய மூன்று மாதங்களில் என்ன நடந்தது? அங்கேதான் உஸ்மான் இருக்கிறார்.

அவர் பிறந்தது 1912 ஜூலை 15. ஊர் பீபிபூர், அன்றைய ஐக்கிய மாகாணத்தின் ஆஸம்கர் மாவட்டம். இன்று அது உத்தரப் பிரதேசத்தின் மவூ மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை காஸி முகமது ஃபாரூக் காசியில் காவல்துறை அதிகாரி. பையன் படித்ததும் காசியில், ஹரிச்சந்திரா பள்ளியில். 12 வயதில் கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற உள்ளே குதித்தான் என்று ஒரு கதை அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் வரும். வீரர்களின் இளமைக்கு இப்படி ஒரு கிணறு எப்போதும் கிடைத்துவிடுகிறது. உஸ்மான் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம்.

அதைவிடச் சுவையானது திக்குவாய்க் கதை. உஸ்மானுக்குச் சிறுவயதில் பேச்சுத் திக்கும். பெரிய உத்தியோகத்துக்கான நேர்காணல்களில் இவன் தேறுவது கடினம் என்று எண்ணிய தந்தை, போலீசிலாவது சேர்த்துவிடலாம் என்று தன் மேலதிகாரியிடம் அழைத்துப் போனார். அவர் ஓர் ஆங்கிலேயர். தற்செயலாக அவருக்கும் திக்குவாய்! அவர் திக்கித் திக்கிக் கேட்டார், உஸ்மானும் திக்கித் திக்கிப் பதில் சொன்னார். இந்தப் பையன் என்னைப் பார்த்துக் கேலி செய்கிறானே என்று துரைக்குக் கோபம் பொங்கிவிட்டது. போலீஸ் வேலை அன்றோடு போயிற்று. காசிப் போலீசுக்கு அது நட்டமா இலாபமா தெரியாது; இந்திய ராணுவத்துக்கு இலாபம்.

உஸ்மான் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். முதல் உலகப் போரின் முடிவிலிருந்து ஆண்டுதோறும் ஒருசில இந்தியர்களுக்கு மட்டும் அங்கே இடம் கிடைத்துவந்தது. இடமோ சொற்பம், போட்டியோ கடுமை. 1932-இல் டேராடூனில் இந்திய ராணுவக் கல்லூரி திறக்கப்பட்டதும், சாண்ட்ஹர்ஸ்ட் கதவு இந்திய மாணவர்களுக்கு மூடப்பட்டது. அந்தக் கதவு மூடுவதற்கு முன் கடைசியாக உள்ளே நுழைந்த அணியில் உஸ்மான் இருந்தார். 1932 ஜூலையில் கப்பலேறினார். 1934 பிப்ரவரி 1-ஆம் தேதி இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

அக்கால வழக்கப்படி முதல் ஓராண்டு ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனில் பழகவேண்டும். கேமரோனியன்ஸ் என்ற படைப்பிரிவில் அதை முடித்தபின், 1935 மார்ச்சில் 10-ஆவது பலூச் ரெஜிமென்ட்டின் 5-ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். அதே ஆண்டு வடமேற்கு எல்லைப்புறத்தில் மொஹ்மந்து பழங்குடியினருக்கு எதிராக பிரிட்டிஷ் இந்திய அரசு படை நடத்தியது. அதில் இளம் உஸ்மானும் இருந்தார். மலைகளுக்கு நடுவில், எங்கிருந்து சுடுகிறான் என்று தெரியாத எதிரியோடு போரிடுவது எப்படி என்பதை அவர் கற்றுக்கொண்ட இடம் அது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் 12 ஆண்டுகள் கழித்து, அதே எல்லைப்புறத்திலிருந்து புறப்பட்டு வந்த பழங்குடிப் படைகள்தாம் காஷ்மீரில் அவர் எதிரே நின்றன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941-இல் கேப்டன். 1942-இல் குவெட்டா ஸ்டாஃப் கல்லூரியில் பயிற்சி. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனை. அங்கே ஆற்றிய பணிக்காக 1945-இல் அரசிதழில் அவர் பெயர் பாராட்டிக் குறிக்கப்பட்டது. 1945 ஏப்ரல் முதல் ஓராண்டு பலூச் ரெஜிமென்ட்டின் 14-ஆவது பட்டாலியனுக்குத் தலைமை. ஓர் இந்திய அதிகாரி பட்டாலியனுக்குத் தலைமை ஏற்பது அன்று அரிதான காரியம்.

இங்கே 1947 வருகிறது.

நாடு பிரிந்தபோது நிலம் மட்டுமா பிரிந்தது? ரயில் பெட்டிகள் பிரிந்தன, நூலகங்கள் பிரிந்தன, அலுவலகத்து மேசை நாற்காலிகள்கூடப் பிரிந்தன. ராணுவமும் பிரிந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. பலூச் ரெஜிமென்ட் முழுவதும் பாகிஸ்தான் பங்கில் போயிற்று. பாகிஸ்தானாகப் போகிற பகுதியில் பிறந்த முஸ்லிம் இந்தியப் படையைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியாவாகப் போகிற பகுதியில் பிறந்த முஸ்லிம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இதுதான் அன்றைய விதி. ஐக்கிய மாகாணத்துக்காரரான உஸ்மானுக்குத் தேர்வு இருந்தது.

அந்தத் தேர்வின் கனத்தை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு அளப்பது கடினம். அவருடைய ரெஜிமென்ட் அந்தப் பக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் உடன் உண்டு உறங்கிய தோழர்கள் அந்தப் பக்கம். மூத்த முஸ்லிம் அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த காலத்தில், புதிய நாட்டின் படையில் உச்சப் பதவிவரை ஏறும் வாய்ப்பும் அந்தப் பக்கம். பாகிஸ்தானின் தலைவர்கள் அவரை அழைத்தார்கள், பிற்காலத்தில் படைத் தலைமையே உங்களுக்கு வரலாம் என்று ஆசை காட்டினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உஸ்மான் அசையவில்லை. பழைய ரெஜிமென்ட்டை விட்டு டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாறினார்.

1947 அக்டோபர் 22-ஆம் தேதி எல்லைப்புறப் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்தன. 26-ஆம் தேதி மகாராஜா ஹரி சிங் இந்தியாவோடு இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை இந்தியப் படை விமானத்தில் ஸ்ரீநகர் வந்திறங்கியது. ஸ்ரீநகர் பள்ளத்தாக்கில் நடந்த இந்தச் சண்டையைப் பலரும் அறிவார்கள். ஆனால் போர் அங்கே மட்டும் நடக்கவில்லை. தெற்கே, ஜம்முவிலிருந்து வடமேற்கு நோக்கிப் போகும் சாலை நெடுகிலும் இன்னொரு போர் நடந்தது. அந்தச் சாலையில்தான் நௌஷேரா. அதற்கும் அப்பால் ஜங்கர். மிர்பூரிலிருந்து வரும் பாதையும் கோட்லியிலிருந்து வரும் பாதையும் கூடும் இடம் ஜங்கர். அதைக் கையில் வைத்திருப்பவன் நௌஷேராவை நெருக்கலாம். நௌஷேரா விழுந்தால் ஜம்முவுக்கு ஆபத்து. நவம்பர் இறுதிக்குள் மிர்பூர் விழுந்துவிட்டது. கோட்லியும் கைவிடப்பட்டது. எஞ்சி நின்றவை ஜங்கரும் நௌஷேராவும்.

அங்கே நின்ற 50-ஆவது பாராசூட் பிரிகேடின் தளபதி நோய்வாய்ப்பட, அந்த இடத்துக்கு 1947 டிசம்பரில் அனுப்பப்பட்டவர் உஸ்மான்.

ஒரு கணம் அந்தச் சூழ்நிலையை எண்ணிப் பாருங்கள். பஞ்சாப் பற்றி எரிந்து முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. எல்லைக்கு அப்பால் வீடிழந்தவர்கள், உறவிழந்தவர்கள், இந்துக்கள், சீக்கியர்கள் எனப் பலரும் படையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வருகிறார் ஒரு முஸ்லிம். எதிரில் நிற்பதோ மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த படை. சந்தேகம் ஒருவர் மனத்திலும் எழாமல் இருந்திருக்குமா? எழுந்திருக்கும். அதைப் பேச்சால் போக்கமுடியாது. வந்த சில நாட்களிலேயே போரும் அவருக்குச் சாதகமாக இல்லை. டிசம்பர் 25-ஆம் தேதி, பல மடங்கு ஆட்பலத்தோடு வந்த எதிரி ஜங்கரைப் பிடித்துக்கொண்டான்.

ஆக, அந்தப் புகழ்பெற்ற சபதம் ஒரு தோல்வியில் பிறந்தது. தன் தலைமையின்கீழ் இருந்த ஓர் ஊர் கைவிட்டுப் போனபிறகு, அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் முடிவெடுத்தார். இமயமலை அடிவாரத்தின் டிசம்பர்க் குளிரில், தரையில் பாய் விரித்துப் படுத்தார். தளபதி தரையில் படுக்கிறார் என்ற செய்தி பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்களுக்கு எட்டாமலா இருக்கும்?

இனி அவர் செய்த வேலைக்கு வருவோம். நௌஷேரா மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளம். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் இலக்கு. ஊரைக் காக்கவேண்டுமானால் சுற்றியுள்ள மேடுகளைக் காக்கவேண்டும். உஸ்மான் அந்த மேடுகளில் சிறுசிறு காவல்முனைகளை அமைத்தார். ஜனவரித் தொடக்கத்தில் ஜங்கர்ச் சாலையில் முன்னேற முயன்றதில் வெற்றி கிட்டவில்லை. ஊக்கம் பெற்ற எதிரி நௌஷேராமேல் பாய்ந்தான், விரட்டப்பட்டான். மீண்டும் வந்தான், மீண்டும் விரட்டப்பட்டான். இந்தச் சிறிய மோதல்கள் எந்தப் பாடநூலிலும் வராது. ஆனால் வந்து சேர்ந்த புதிய தளபதியைப் படை அறிந்துகொண்டது இவற்றில்தான்.

ஊருக்குள் அகதிகளும் பொதுமக்களும் உணவில்லாமல் தவித்தார்கள். தன் பிரிகேட் வீரர்கள் செவ்வாய்க்கிழமைகளில் உண்ணாநோன்பு இருந்து, மிச்சமாகும் ரேஷனை மக்களுக்குக் கொடுக்கச் செய்தார் உஸ்மான் என்று சொல்லப்படுகிறது. பெற்றோரை இழந்த சிறுவர்களும் அங்கே சுற்றித் திரிந்தார்கள். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுவரையான அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து ‘பாலசேனை’ என்று ஒரு குழு அமைத்தார். சாப்பாடு, கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் பயிற்சி. அவர்கள் ஒரு காவல்முனைக்கும் இன்னொன்றுக்கும் இடையே செய்தி கொண்டுபோனார்கள். சண்டை மூண்டபோது தோட்டாக்களும் சுமந்தார்கள். பின்னர் அவர்களில் மூவருக்குப் பிரதமர் நேரு தங்கக் கைக்கடிகாரம் பரிசளித்தார். குண்டு விழும் இடத்துக்குக் குழந்தைகளை அனுப்பியதை இன்றைய மனம் ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. அன்றைய நௌஷேராவில் குண்டு விழாத இடம் என்று ஒன்று அவர்களுக்கு இருக்கவில்லை என்பதும் உண்மை.

1948 ஜனவரியில் மேற்குப் பகுதியின் படைத்தலைமையை ஏற்றார் லெப்டினன்ட் ஜெனரல் கே. எம். கரியப்பா. அவர் நௌஷேராவுக்கு வந்து, சுற்றியிருந்த மேடுகளைப் பார்த்தார். ஊருக்கு வடகிழக்கே இருந்த கோட் என்ற மேட்டைக் காட்டி, அதைப் பிடித்து எனக்குப் பரிசாகத் தரவேண்டும் என்று உஸ்மானிடம் கேட்டார். ராணுவ வட்டாரத்தில் கரியப்பாவின் செல்லப்பெயர் ‘கிப்பர்’. உஸ்மான் அந்தத் தாக்குதலுக்கே ‘ஆபரேஷன் கிப்பர்’ என்று பெயர் வைத்துவிட்டார்! மேலதிகாரியோடு இப்படி விளையாட ஒரு துணிச்சல் வேண்டும். விளையாடிவிட்டு ஜெயித்தும் காட்டவேண்டும். கோவேறு கழுதைகளைத் திரட்டி, ஜங்கர் பக்கம் போகப்போவதாகத் தோற்றம் காட்டி, பிப்ரவரி 1-ஆம் தேதி கோட் மேட்டைத் தாக்கினார். மேடு கைக்கு வந்தது. ஆனால் கிராமத்து வீடுகளை முழுதாகச் சோதிக்காமல் விட்டதால், உள்ளே ஒளிந்திருந்தவர்கள் திருப்பித் தாக்கினார்கள். கைவிட்டுப் போன மேட்டைக் காப்பாக நிறுத்தியிருந்த படையை அனுப்பி மறுபடி பிடிக்கவேண்டியிருந்தது. பிடித்தார்கள்.

கோட் மேட்டை அன்று பிடிக்காமல் விட்டிருந்தால்? ஐந்தே நாளில் விடை வந்தது.

1948 பிப்ரவரி 6. விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 11,000 பேர் நௌஷேராவைச் சூழ்ந்து தாக்கினார்கள். ஊருக்கு அருகிலிருந்த டைன்தார் முகட்டில் பெரும் கூட்டமாக வந்து மோதினார்கள். கோட் மேட்டிலும் மோதினார்கள். மற்ற முனைகளிலும் மோதினார்கள். அந்தக் காலையின் மிகக் கொடிய இடம் டைன்தார். அங்கே ஒரு காவல்முனையில் ராஜபுத்திர ரெஜிமென்ட்டின் 1-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த நாயக் ஜாதுநாத் சிங் தலைமையில் ஒன்பதே பேர். முதல் அலையில் அவர்களில் நால்வர் காயப்பட்டார்கள். எதிரி பின்வாங்கினான். இரண்டாவது அலை வந்தது. அவரும் காயப்பட்டார், ஆயினும் காயம்பட்ட பிரென் துப்பாக்கிக்காரனிடமிருந்து துப்பாக்கியைத் தானே வாங்கிச் சுட்டார். மூன்றாவது அலை வந்தபோது நிற்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஸ்டென் துப்பாக்கியோடு பதுங்குகுழியை விட்டு வெளியே பாய்ந்தார். அந்த எதிர்பாராத பாய்ச்சலில் வந்தவர்கள் கலைந்தார்கள். ஜாதுநாத் சிங் குண்டடிபட்டு விழுந்தார். அதற்குள் உதவிப் படை டைன்தாருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவருக்கு மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

நௌஷேரா நின்றது. இந்தியத் தரப்பில் 33 பேர் உயிரிழந்தார்கள், 102 பேர் காயமடைந்தார்கள். எதிரித் தரப்பில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ 2,000 பேர் என்பது இந்திய மதிப்பீடு. இத்தனை பெரிய வேறுபாடு எப்படி வந்தது? மேடுகளில் முன்கூட்டியே தோண்டிய குழிகளால் வந்தது. கோட் மேடு கையில் இருந்ததால் வந்தது. அன்று வேறோர் இடத்தைத் தாக்குவதாக இருந்த திட்டத்தை, எதிரியே வரப்போகிறான் என்று உளவுச் செய்தி கிடைத்ததும் உஸ்மான் ஒத்திப்போட்டுக் காத்திருந்ததால் வந்தது. தாக்கத் துடிக்கும் தளபதிக்குக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

அன்றோடு உஸ்மான் ‘நௌஷேரா சிங்கம்’ ஆனார். நாடெங்கும் செய்தித்தாள்கள் எழுதின. எதிரிகள் அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை அறிவித்தார்கள். நௌஷேராவில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. தளபதி அன்று இரவும் தரையில்தான் படுத்தார். ஜங்கர் இன்னும் அந்தப் பக்கம்தானே இருந்தது!

பிப்ரவரி கடைசியில் ஜங்கரை மீட்கும் பணி தொடங்கியது. கரியப்பா தன் முன்னணித் தலைமையகத்தையே ஜம்முவுக்கு மாற்றிக்கொண்டு நேரடியாகக் கவனித்தார். இரண்டு பிரிகேடுகள் புறப்பட்டன. 19-ஆவது காலாட்படை பிரிகேட் வடக்கு முகடு வழியே. உஸ்மானின் பாராசூட் பிரிகேட் தெற்கே, நௌஷேரா–ஜங்கர் சாலைமேல் கவிந்துநின்ற குன்றுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு. இடையில் மழை. மலைப்பாதை சேறானால் பீரங்கி நகராது, கோவேறு கழுதை வழுக்கும், வண்டி அச்சுவரை புதையும். பொறுத்துப் பொறுத்து முன்னேறினார்கள். புறப்படும் முன் உஸ்மான் தன் வீரர்களுக்கு எழுதிய அன்றைய ஆணையில் ஓர் ஆங்கிலக் கவிதையின் வரிகளைச் சேர்த்திருந்தார். மரணம் எல்லாருக்கும் வருவதுதான் என்ற கருத்தில் அமைந்த வரிகள் அவை.

1948 மார்ச் 18-ஆம் தேதி ஜங்கர் மீண்டும் இந்தியப் படையின் கைக்கு வந்தது. சபதம் நிறைவேறியது. இனித் தளபதி கட்டிலில் படுக்கலாம். ஆனால் கட்டில் எங்கே? பிரிகேட் தலைமையகத்தில் கட்டிலே இல்லை. பிறகு ஊரில் ஒரு வீட்டிலிருந்து கட்டில் இரவல் வாங்கி வந்தார்கள். அன்றிரவு உஸ்மான் அதில் படுத்தார்.

ஜங்கர் மீட்பின் பயன் அந்த ஊரோடு நிற்கவில்லை. நௌஷேராவின் பின்பக்கக் கவலை தீர்ந்ததால்தான் ஏப்ரலில் இந்தியப் படை ரஜௌரியை நோக்கி முன்னேற முடிந்தது. கண்ணிவெடிகளையும் சாலைத் தடைகளையும் அகற்றி அந்த முன்னேற்றத்துக்கு வழி திறந்தவர் பொறியாளர் படையின் ராமா ரகோபா ராணே. அவருக்கும் பரம்வீர் சக்கரம். ஏப்ரல் 12-ஆம் தேதி ரஜௌரி கைவந்தது. ஒரு தளபதி பிடித்த மேட்டின்மேல் அடுத்தவர் ஏறிப் போவதுதான் போர். நௌஷேரா இல்லாமல் ரஜௌரி இல்லை.

எதிரி ஜங்கரை மறக்கவில்லை. மே மாதம் முதல் பாகிஸ்தானின் முறையான படையே களத்தில் இறங்கியது. ஜங்கரின்மேல் பீரங்கிக் குண்டுகள் மாறி மாறி விழுந்தன. தாக்குதல்கள் தொடர்ந்தன. உஸ்மானின் பிரிகேட் ஒவ்வொன்றையும் தடுத்தது. அந்தப் பீரங்கிகளைப் பற்றி ஒரு செய்தி. அவை 25 பவுண்டர் பீரங்கிகள். இரு படைகளுமே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ஒரே கிடங்கிலிருந்து பங்கு பிரித்துக்கொண்டவை. பர்மாவில் உஸ்மானின் தரப்பில் முழங்கிய அதே வகைப் பீரங்கி இப்போது அவரைக் குறிவைத்தது.

ஜூலை 3 மாலை, அதிகாரிகளோடு வழக்கமான கூட்டம் முடிந்த சற்று நேரத்தில் குண்டுவீச்சு தொடங்கியது. எல்லாரும் மறைவிடம் தேடினார்கள். உஸ்மானும் சிலரும் தகவல்தொடர்புப் பிரிவின் பதுங்குகுழிக்கு மேலேயிருந்த ஒரு பாறையின் பின்னால் ஒதுங்கினார்கள். இந்தியப் பீரங்கிகள் பதில் சொன்னதும் சற்றே ஓய்வு ஏற்பட்டது. அந்த இடைவெளியில் உஸ்மான் எழுந்து கட்டளைக் குழியை நோக்கி நடந்தார். அடுத்த குண்டு பக்கத்துப் பாறையில் விழுந்தது. சண்டைக்கு நடுவே, வேலை செய்யும் இடத்துக்கு நடந்துபோகும்போது வந்த சாவு அது. தான் போனாலும் இந்த நிலம் போகக்கூடாது என்ற பொருளில் கடைசியாக அவர் சொன்னதாகக் குறித்திருக்கிறார்கள். ஜங்கர் போகவில்லை. 1949 ஜனவரி 1-ஆம் தேதி போர் நிறுத்தம் வந்தபோதும் அது இந்தியாவின் கையிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது.

உடலை டில்லிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. பதவியேற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அரசு மரியாதையோடு நடந்த இறுதி ஊர்வலத்தில் பிரதமர் நேருவும் அமைச்சர்களும் கலந்துகொண்டார்கள். ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய அடக்கத்தலத்தில் உஸ்மான் அடக்கம் செய்யப்பட்டார். தேசிய இயக்கத்தில் பிறந்த கல்வி நிறுவனம் அது. பிரிவினைக்கு எதிராக நின்ற முஸ்லிம் தலைவர்கள் பலர் வளர்த்தது. இடம் பொருத்தமாகவே அமைந்தது.

மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்கால விருதுகளில் அது இரண்டாவது. பரம்வீர் சக்கரம் தந்திருக்கவேண்டாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பரம்வீர் சக்கரம் பெரும்பாலும் எதிரியின் நேர்முன்னே நிகழ்த்திய ஒரு தனிச் செயலுக்குத் தரப்படுவது. ஜாதுநாத் சிங் செய்தது அத்தகைய செயல். உஸ்மான் செய்தது ஆறேழு மாத வேலை. அந்த வேலையின் ஒரு கண்ணியாகத்தான் ஜாதுநாத் சிங் அந்த முகட்டில் நின்றார். விருதின் தரத்தைக் கொண்டு உஸ்மானை அளக்கவேண்டிய தேவை இல்லை.

அவருடைய தனிவாழ்க்கையைப் பற்றிச் சொல்லச் சில வரிகளே போதும். திருமணம் செய்துகொள்ளவில்லை. மது தொட்டதில்லை. புலால் உண்பதில்லை என்றும் சொல்வார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று. பிரிகேடில் ஒருவரையொருவர் ‘ஜெய்ஹிந்த்’ சொல்லி வணங்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார் என்றும் குறிப்பு உண்டு.

இனி, அவர் விட்டுச்சென்றது. ஜங்கரில் அவர் விழுந்த பாறையருகே ராணுவம் நினைவிடம் அமைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 3-ஆம் தேதி அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. பாராசூட் ரெஜிமென்ட்டில் அவர் பெயர் அறியாத வீரர் இல்லை. ஆனால் ராணுவத்துக்கு வெளியே? அவரைப் பற்றிப் பெரும்பாலும் எப்போது பேசுகிறார்கள்? மதக்கலவரம் ஏதாவது மூண்டால் பேசுகிறார்கள். முஸ்லிம்களின் நாட்டுப்பற்றைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பினால், உடனே இன்னொருவர் உஸ்மானின் பெயரைச் சான்றாக எடுத்து வைக்கிறார். சான்று சரியானதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடையாக மட்டும் ஒரு மனிதரை நினைப்பது அவரைச் சிறிதாக்கிவிடுகிறது. அதே போரில் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்ற சோம்நாத் சர்மாவை யாரும் அப்படி நினைப்பதில்லை. ஜாதுநாத் சிங்கை யாரும் அப்படி நினைப்பதில்லை. அவர்கள் செய்ததைச் சொல்லி நினைக்கிறார்கள். உஸ்மானையும் அப்படித்தான் நினைக்கவேண்டும்: கோட் மேட்டைப் பிடித்தவர், நௌஷேராவைக் காத்தவர், ஜங்கரை மீட்டவர்.

2020 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. டில்லியில் அவருடைய சமாதியின் கல் உடைந்து கிடப்பதைப் படத்தோடு நாளிதழ்கள் வெளியிட்டன. அடக்கத்தலம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தாலும், அவர் எங்கள் வீரர் என்று ராணுவம் முன்வந்து அதைச் செப்பனிட்டது. நல்லது. ஆனால் நாட்டின் தலைநகரில், பிரதமரே இறுதி மரியாதை செய்த ஒருவரின் சமாதி உடைந்து கிடந்ததை நாளிதழ் சொல்லித்தான் நாடு அறிந்தது என்பதை மறுக்கமுடியாது.

டில்லிக்குச் சுற்றுலா போகும் தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் பார்க்காமல் திரும்புவதில்லை. மெட்ரோ ரயிலில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி விசாரித்தால் அந்த அடக்கத்தலத்துக்கு வழி சொல்வார்கள். ஆசிரியப் பெருமக்கள் அடுத்தமுறை போகும்போது பிள்ளைகளை அங்கேயும் ஒருமுறை அழைத்துச் செல்லவேண்டும்.